நடிப்புக் கடையைக் கட்டிவிட்டுப் பழம்பொருள் கடை திறந்தவர்: ரானி பார்க்கர் பற்றி ஒரு விவாதம்

தொடக்கக் கேள்வி (வாசகர் ஒருவர்), 6 பிப்ரவரி

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நகைச்சுவை நடிகர் ரானி பார்க்கரை ஆங்கிலேயர்கள் பெரிய நடிகர் என்று ஏன் கொண்டாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. வேடம் போடாமல் பார்வையாளர்களைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசத் தெரியாதவர். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை ஒப்பித்தவர். 58 வயதில், கூட்டம் இருக்கும்போதே, பயந்து ஒதுங்கியவர். இந்த மூன்றையும் மறுக்க இங்கே யாராவது இருக்கிறீர்களா?

6 பிப்ரவரி, இரவு

முதலாவது உண்மை, அதைப் பார்க்கரே மறுத்ததில்லை. இரண்டாவது உண்மைக்கு நேர் எதிரானது. மூன்றாவதில் எனக்கே இரண்டு மனம் இருப்பதால் அதைப் பிறகு பார்க்கலாம்.

1960களின் இறுதியில், லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியில் டேவிட் ஃப்ராஸ்டின் நிகழ்ச்சிகளில் பார்க்கர் நடித்துக்கொண்டிருந்தபோது, ஜெரால்ட் வைலி என்ற பெயரில் நகைச்சுவைத் துணுக்குகள் வரத் தொடங்கின. வைலியை யாரும் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் ஒரு முகவர் வழியாகத்தான் நடந்தன. எழுத்து தரமாக இருந்ததால் படப்பிடிப்புத் தளத்தில் பேச்சு கிளம்பியது. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்ட் என்றார்கள் சிலர். வேறு சிலர் வேறு பெரிய பெயர்களைச் சொன்னார்கள். வைலி அனுப்பியவற்றில் சிலவற்றைச் சரியில்லை என்று தள்ளியவர்களில் பார்க்கரும் ஒருவர்.

அந்தத் துணுக்குகளில் ஒன்று மருத்துவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களைப் பற்றியது. ஆங்கிலேயர்களுக்கே உரிய அந்த இறுக்கமான மௌனத்தை ஒருவன் உடைக்கப் பார்க்கிறான். அதன் உரிமையை வாங்கிக்கொள்ள உடன் நடித்த ரானி கார்பெட் விரும்பினார். வைலி 3,000 பவுண்டு கேட்பதாக முகவரிடமிருந்து பதில் வந்தது. இந்த அநியாய விலையைப் பற்றிக் கார்பெட் யாரிடம் குமுறினார் என்றால், பார்க்கரிடம். பார்க்கரும் சேர்ந்து குமுறினார். பிறகு வைலி மனம் இளகி உரிமையை இலவசமாகவே கொடுத்துவிட, கார்பெட் நன்றிக்கடனாகக் கண்ணாடிக் கோப்பைகள் வாங்கி அனுப்பினார்.

கடைசியில் வைலி எல்லோரையும் தொலைக்காட்சி நிலையத்துக்கு எதிரே இருந்த சீன உணவகத்துக்கு விருந்துக்கு அழைத்தார். எழுத்தாளர் ஃப்ராங்க் மியூர் உள்ளே நுழைந்தபோது, இவர்தான் ஆள் என்று முடிவுகட்டினார்கள். பார்க்கர் எழுந்து நின்று “நான்தான்” என்றபோது அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்களாம்.

நட்சத்திரம் எழுதியது என்பதற்காகவே எதையும் யாரும் ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது, எழுத்து தன் காலில் நிற்க வேண்டும் என்பதுதான் இதற்கு அவர் சொன்ன காரணம். ஒப்பிப்பவர் இந்தப் பாடு பட மாட்டார்.

7 பிப்ரவரி

வைலி ஒருவர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1972இல் வந்த ‘ஹிஸ் லார்ட்ஷிப் என்டர்டெயின்ஸ்’ தொடரை எழுதியவர் ஜானதன் காபால்ட்; 1973இன் ‘செவன் ஆஃப் ஒன்’ வரிசையில் ஒரு கதையை எழுதியவர் ஜாக் கெட்ஸ்; 1988இல் வந்த ‘கிளாரன்ஸ்’ தொடரை எழுதியவர் பாப் ஃபெரிஸ். மூவரும் பார்க்கரே. இவற்றில் பாப் ஃபெரிஸ் என்பது ‘தி லைக்லி லேட்ஸ்’ தொடரின் இரு நாயகர்களில் ஒருவனுடைய பெயர். அந்த நாயகனைப் படைத்தவர்கள், பார்க்கருக்குப் புகழ் தேடித்தந்த ‘பாரிட்ஜ்’ தொடரை எழுதிய டிக் கிளெமன்ட்டும் இயன் லா ஃப்ரெனேயும். அவர்களுடைய பாத்திரத்தின் பெயரையே எடுத்து மாட்டிக்கொண்டார் மனிதர். இத்தனை பெயர்களோடு நம்மூரில் ஒருவர் நடமாடினால் காவல் நிலையத்தில் வைத்துத்தான் விசாரிப்பார்கள்.

9 பிப்ரவரி

“நடிப்புப் பயிற்சி எங்கே பெற்றார்?” என்ற கேள்விக்குப் பதில்: எங்கும் பெறவில்லை. 1929 செப்டம்பர் 25 அன்று பெட்ஃபர்டில் பிறந்தார், வளர்ந்தது ஆக்ஸ்ஃபோர்டில். கட்டடக்கலை படிக்கப் போய், அதற்கு வேண்டிய கை தனக்கில்லை என்று விட்டுவிட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் அமெச்சூர் நாடகம். 1948 நவம்பரில் வங்கியை விட்டு, எய்ல்ஸ்பரியில் இயங்கிய ஒரு நாடகக் குழுவில் தொழில்முறை நடிகராக மேடை ஏறினார்.

அந்தக் காலத்துச் சிற்றூர் நாடகக் குழுக்களின் நடைமுறை இன்றைக்கு நம்பக் கடினமானது. வாரம் ஒரு நாடகம் மாறும். இரவு இந்த வாரத்து நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வாரத்து நாடகத்தை ஒத்திகை பார்க்க வேண்டும். இருபது வயதுகூட நிரம்பாத பையன் ஒரு வாரம் கிழவர், அடுத்த வாரம் ஓட்டுநர், அதற்கடுத்த வாரம் படைத்தளபதி. நகைச்சுவை வேடத்தில் முதன்முதலாகச் சிரிப்பு எழுந்த இரவில்தான், தனக்கு வேண்டியது இதுதான் என்று முடிவுசெய்ததாக அவர் சொல்லியிருக்கிறார்.

இடையில் பஞ்சமும் உண்டு. அவர் சேர்ந்த ஊமைநாடகக் குழு ஒன்று இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் பென்ஸான்ஸ் ஊரில் நொடித்துப்போய், அங்கிருந்து நடந்தே வீடு திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனை ஒன்றில் ஊழியராக வேலை பார்த்து, இளம்பிள்ளைவாதத்தால் படுத்திருந்தவர்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ப்ளேஹவுஸ். அங்கே அறிமுகமான இளம் இயக்குநர் பீட்டர் ஹால் 1955இல் அவரை லண்டன் மேடைக்கு அழைத்துச் சென்றார். 1959இலிருந்து ‘தி நேவி லார்க்’ வானொலித் தொடரில் ஒரே ஆள் பல குரல்களில் பேசினார்.

என் வாதம் இங்கேதான் வேர்விடுகிறது. தன்னைத் தானாகக் காட்டிக்கொள்ள முடியாதவர் என்பதை ஒரு குறையாகச் சொல்கிறீர்கள். வாரம் ஒரு மனிதராக மாறிப் பழகிய அந்த ஆண்டுகளில், தானாக இருப்பதற்கு அவருக்கு வேலையே இருக்கவில்லை. சார்லி சாப்ளின் போலவோ பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் டோனி ஹான்காக் போலவோ ஓர் உருவத்தை உண்டாக்கி அதற்குள்ளேயே வாழ்நாள் முழுவதும் குடியிருந்தவர் அல்லர் அவர். ஹான்காக்கின் சிரிப்பு ஹான்காக்கிடமிருந்தே வந்தது. அதற்கு அவர் தன் உயிரையே விலையாகக் கொடுத்ததும் நமக்குத் தெரியும். பார்க்கரின் சிரிப்பு பார்க்கரை ஒருபோதும் தொட்டதில்லை.

12 பிப்ரவரி

கார்பெட்டோடு சேர்ந்து நடத்திய ‘தி டூ ரானீஸ்’ நிகழ்ச்சியில் பார்க்கர் பார்வையாளர்களிடம் நேரடியாகப் பேசினாரே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் பேசவில்லை என்பது தெரியும்.

அந்த நிகழ்ச்சி பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1970இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் ஒரு விருது விழாவை இருவரும் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தபோது தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டு, நிமிடக்கணக்கில் கூட்டத்தை இருவரும் தாக்குப்பிடிக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிபிசி அதிகாரிகள் அவர்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். ஆனால் நிகழ்ச்சி தொடங்கியபோது, அந்த மாதிரியான அந்தரத்து நிமிடம் ஒன்றுகூட வராதபடி பார்க்கர் வேலி கட்டிவிட்டார். தொடக்கத்திலும் முடிவிலும் இருவரும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பார்கள். அங்கே பார்க்கர், பார்க்கர் அல்லர், கோட்டும் தடித்த கண்ணாடியும் அணிந்த ஒரு செய்தி வாசிப்பாளர். தன் பெயரில், தன் குரலில், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கதை அளப்பதைக் கார்பெட்டிடம் விட்டுவிட்டார். கார்பெட்டுக்கு அது கைவந்த கலை. ஒரு நகைச்சுவையைச் சொல்லத் தொடங்கி, அங்கே இங்கே அலைந்து, ஐந்து நிமிடம் கழித்து ஊர் வந்து சேர்வார்.

1971 முதல் 1987 வரை 12 வரிசைகள் ஓடின. இடையில் 1979இல் இருவரும் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய் ஓராண்டு இருந்தார்கள். வருமானவரி அதற்கு ஒரு முக்கியக் காரணம். முடிவில் வரும் இசைப் பகுதிகளுக்கான பாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் பார்க்கர் எழுதினார். ஒப்பித்தவர் என்ற வாதத்துக்கு இது இன்னொரு ஆணி.

இரட்டையர் என்றால் ஒருவர் அடிப்பார், ஒருவர் வாங்குவார் என்பது வழக்கம். இவர்களிடம் அது இல்லை. இருவரும் தனித்தனியே முழு நடிகர்கள். இந்த நிகழ்ச்சிக்கு வெளியே தனித்தனித் தொடர்கள் வைத்திருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் சண்டை இல்லாமல் நீடித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

16 பிப்ரவரி

‘பாரிட்ஜ்’ பற்றித் தனியாக எழுத வேண்டும்.

1973இல் ‘செவன் ஆஃப் ஒன்’ என்ற பெயரில் ஏழு தனிக்கதைகள் ஒளிபரப்பாயின. எது தேறுகிறதோ அதைத் தொடராக்குவது என்று ஏற்பாடு. இரண்டு தேறின. ஒன்று, ஒரு கைதியைச் சிறைக்கு அழைத்துச் செல்லும் கதை. அது ‘பாரிட்ஜ்’ ஆயிற்று. இன்னொன்று ஒரு மளிகைக் கடைக்காரனின் கதை; அது ‘ஓபன் ஆல் அவர்ஸ்’. ஒரே வரிசையிலிருந்து இரண்டு பெருந்தொடர்கள் பிறந்தது எந்த நடிகருக்கும் எளிதில் வாய்க்காத யோகம்.

சிறைத் தொடரை அமெரிக்கப் ‘பில்கோ’ பாணியில், தந்திரக்காரன் ஒருவன் எல்லோரையும் ஏய்க்கும் கும்மாளமாகப் பார்க்கர் கற்பனை செய்திருந்தாராம். கிளெமன்ட்டும் லா ஃப்ரெனேயும் அதைவிட இருண்ட ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். உண்மையான சிறைக்குள் படம்பிடிக்க உள்துறை அனுமதிக்கவில்லை. சிறையின் வாசலுக்குச் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத்துப் பழைய சிறைவாயில் கிடைத்தது. பல அடுக்குகள் கொண்ட உட்புறத்துக்கு ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தில் கைவிடப்பட்டிருந்த ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் அரங்கம் அமைத்தார்கள்.

1974இல் வந்த முதல் வரிசையின் மூன்றாவது எபிசோடைக் கேள்வி கேட்டவர் ஒருமுறை பார்க்க வேண்டும். பெரும்பகுதி ஒரே அறை, இரவு, இரண்டே பேர். பழந்தின்று கொட்டைபோட்ட திருடன் ஃப்ளெட்சராகப் பார்க்கர். முதல்முறை சிறைக்கு வந்த இளைஞன் காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். கதவு பூட்டப்பட்ட பிறகு பையனுக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டில் இருந்தால் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்போம் என்று புலம்புகிறான். வெளியே போகாமல் வீட்டில் சும்மா ஓர் இரவைக் கழிப்பதாக நினைத்துக்கொள் என்று ஃப்ளெட்சர் சமாதானம் சொல்கிறான். பையன் அதை ஏற்றுக்கொள்கிறான். ஆனால் அப்படிச் சும்மா கழிக்க இன்னும் எத்தனை நூறு இரவுகள் மிச்சம் என்றும் கணக்குச் சொல்கிறான்.

இந்தக் காட்சியில் பார்க்கர் செய்வது மிகக் குறைவு. எதிரே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருக்கும் அரங்கக் கூட்டம் இருக்கிறது. அதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தி, பையன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்பது என்பது நடிப்பில் கடினமான பாடம். வசனம் இல்லாத நேரத்தில் தன் அடுத்த வசனத்துக்காகக் காத்திருப்பவர்களைத்தான் நாம் திரையில் அதிகம் பார்க்கிறோம். பரிவு காட்டுவது தனக்கே கூச்சமாக இருக்கும் முரட்டு ஆளின் பரிவு என்பதால், ஒவ்வொரு நல்ல வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு ஏளனத்தைச் சேர்த்துக்கொள்கிறான் ஃப்ளெட்சர். கூட்டம் அந்த ஏளனத்துக்குச் சிரிக்கிறது. நல்ல வார்த்தை அந்தச் சிரிப்பின் மறைவில் பையனிடம் போய்ச் சேர்கிறது.

காவலர்களாக வரும் ஃபுல்டன் மக்காயையும் பிரையன் வைல்டையும் பற்றித் தனி இழையே தொடங்கலாம். ஒருவர் விறைப்பு, ஒருவர் வெண்ணெய்.

17 பிப்ரவரி

நேற்று விட்டுப்போன ஒரு செய்தி. ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் ஃப்ளெட்சருக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதியின் குரல் கேட்குமே, அதுவும் பார்க்கரின் குரல்தான். தனக்குத் தானே ஐந்தாண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

18 பிப்ரவரி

பெக்கின்சேல் பற்றிக் கேட்டவருக்கு: 1978இல் ஃப்ளெட்சர் விடுதலையாகி வெளியே வரும் ‘கோயிங் ஸ்ட்ரெயிட்’ தொடரிலும் அவர் இருந்தார். 1979 தொடக்கத்தில் ‘பாரிட்ஜ்’ திரைப்படத்தின் படப்பிடிப்பை முடித்துக்கொடுத்த சில வாரங்களில், மார்ச் 19 அன்று, மாரடைப்பால் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 31. அதன்பின் ஃப்ளெட்சரைத் தொடர்வது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

21 பிப்ரவரி

‘ஓபன் ஆல் அவர்ஸ்’ பற்றி என்னால் நடுநிலையாகப் பேச முடியாது. லண்டனுக்கு வந்த புதிதில் சித்தப்பாவின் மூலைக்கடையில் கல்லாவில் நின்றவன் நான். விடிவதற்கு முன் செய்தித்தாள் கட்டைப் பிரிப்பதில் தொடங்கி, இரவு நடைபாதையில் பரப்பிவைத்த காய்கறித் தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைப்பதோடு நாள் முடியும். வாடிக்கையாக வரும் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் சித்தப்பாவை ஆர்க்ரைட் என்றுதான் கூப்பிடுவார். யாரோ பழைய முதலாளியின் பெயராக்கும் என்று சித்தப்பாவும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பின்னாளில் ஒளிநாடா வாங்கிவந்து இருவரும் பார்த்தோம். டான்காஸ்டர் நகரில், பால்பி பகுதியில் படம்பிடிக்கப்பட்ட கடை. பழுப்பு மேலங்கியோடு கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் கஞ்ச முதலாளி ஆர்க்ரைட். அவரிடம் சம்பளம் என்று பெயருக்கு வாங்கிக்கொண்டு அல்லாடும் சகோதரி மகன் கிரான்வில்லாக டேவிட் ஜேசன். கல்லாப்பெட்டியின் இழுப்பறை விசையோடு திரும்பி வந்து விரலைக் கவ்வும். ஆர்க்ரைட்டே ஒவ்வொரு முறையும் பாம்புப் புற்றில் கைவிடுவதுபோல்தான் காசை எடுப்பார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு, ரொட்டி வாங்க வந்தவளிடம் மூன்று சாமான் சேர்த்து விற்றுவிட்டான், ஆள் கெட்டிக்காரன் என்றார்.

அதைவிடப் பெரிய விமரிசனத்தை நான் எங்கும் படித்ததில்லை. சாமானை எடுத்து வைக்கும் கை, வாடிக்கையாளர் கதவைத் திறந்ததும் மாறும் முகம், ஆள் போனதும் கல்லா மீது போகும் கண் எல்லாம் கடைக்காரனுடையவை. வேடிக்கைக்காகக் கடைக்காரனைப்போல் நடிக்கவில்லை, கடையை நடத்தினார். எதிர்வீட்டுச் செவிலி கிளாடிஸ் இமானுவேலை அவர் விரட்டும் காதல் காட்சிகளில் எனக்கு அலுப்புத் தட்டுவது உண்டு. கல்லாவுக்குத் திரும்பினால் போதும் என்று இருக்கும்.

22 பிப்ரவரி

“எனக்குத் திக்குவாய் உண்டு. ஆர்க்ரைட்டின் திக்கலுக்கு எழும் ஒவ்வொரு சிரிப்பும் என் பள்ளி வகுப்பறையை நினைவூட்டுகிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நேற்று நான் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல் தாண்டிப்போனதைக் கவனித்திருப்பார்.

தகவலை முதலில் சொல்லிவிடுகிறேன். ராய் கிளார்க் எழுதிய மூலத்தில் திக்கல் இல்லை, பார்க்கர் சேர்த்தது. தன் இளமைக்கால நாடக நண்பரும், 1950களில் தனக்கு முதல் தொலைக்காட்சி வாய்ப்பைத் தந்தவருமான கிளென் மெல்வின் மேடையில் கையாண்ட உத்தி அது. ஆகவே இதற்குப் பொறுப்பு எழுத்தாளருடையது என்று தட்டிக்கழிக்க இயலாது. நடிகரே எடுத்த முடிவு.

ஆர்க்ரைட் திக்கும் இடங்களில் பாதிக்கு மேல், அந்தத் தாமதத்தை அவரே லாபமாக்கிக்கொள்கிறார். வாடிக்கையாளர் பொறுமையிழந்து வாங்கிவிடுவார். கடைக்குள் யாரும் அவரை இதற்காக இழிவுபடுத்துவதும் இல்லை, கிரான்வில்லின் சில்லறைக் கிண்டல்களைத் தவிர. ஆனால் இது, பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் எதற்குச் சிரிக்கிறது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. ஒலிப்பதிவைக் கேட்டால், வசனம் முடியும் முன்பே, திக்கலுக்கே எழும் சிரிப்பு பல இடங்களில் இருக்கிறது. நடிகரின் நேரக்கணக்கை வியக்கும் என்னைப் போன்றவர்கள், அந்தக் கணக்கு யார் செலவில் போடப்பட்டது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். அவருடைய பாத்திரங்களில் இது ஒன்றில்தான் வேடம் மனிதரை விட்டு விலகித் தனியே தெரிகிறது. ஃப்ளெட்சருக்கு இப்படி ஓர் ஊன்றுகோல் தேவைப்படவில்லை.

23 பிப்ரவரி

இல்லை, ‘ஃபோர் கேண்டில்ஸ்’ துணுக்கை எழுதியது கார்பெட் அல்லர். எழுதியவர் வைலி, அதாவது பார்க்கர். 1976 செப்டம்பர் 18 அன்று ஒளிபரப்பானது. இரும்புச் சாமான் கடைக்கு வரும் ஒருவன் கேட்கும் ஒவ்வொரு பொருளும் கடைக்காரன் காதில் வேறொன்றாக விழுகிறது. ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, அதாவது தோட்டத்து முட்கவையின் கைப்பிடி, கேட்டவனுக்கு நான்கு மெழுகுவர்த்திகள் கிடைக்கின்றன. அதற்கு மேல் இதைத் தமிழில் விளக்குவது அந்தத் துணுக்குக்குச் செய்யும் துரோகம். கடைக்காரராகக் கார்பெட், வாங்க வந்தவராகப் பார்க்கர். பார்க்கருக்கு அதன் முடிவு வரியில் கடைசிவரை திருப்தி இல்லை. தன் கைப்பட எழுதிய பிரதியை ஓர் அறக்கொடைக்காகக் கொடுத்திருந்தார். அது 2007 ஏலத்தில் 48,500 பவுண்டுக்குப் போயிற்று.

28 பிப்ரவரி

ஒத்திவைத்த மூன்றாவது குற்றச்சாட்டு: பயந்து ஒதுங்கினாரா?

1987 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியோடு ‘தி டூ ரானீஸ்’ முடிந்தது. பார்வையாளர்களுக்கு அது கடைசி என்று தெரியாது. கார்பெட்டிடம் மட்டும் நெடுநாள் முன்பே சொல்லியிருந்தார். அவரும் வெளியே விடவில்லை. விடைபெறும் உரை இல்லை, கண்ணீர் இல்லை, மலர்மாலை இல்லை. மறுஆண்டு ‘கிளாரன்ஸ்’ ஒளிபரப்பானதும் அறிவித்துவிட்டு, சிப்பிங் நார்ட்டனில் மனைவி ஜாயோடு ‘தி எம்போரியம்’ என்ற பழம்பொருள் கடையைத் திறந்தார். ஏற்கெனவே பைத்தியமாகச் சேர்ப்பவர்; அவரிடம் இருந்த பழைய அஞ்சலட்டைகள் மட்டும் 50,000க்கு மேல்.

எண்ணங்கள் வற்றிவிட்டன, தரம் இறங்கும் முன் நிறுத்த வேண்டும், இதயம் ஒத்துழைக்கவில்லை என்று அவர் காரணங்கள் சொன்னார். மருத்துவக் காரணம் பொய்யல்ல. 1996இல் இதய அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. விலகுவதற்கு முன், நேஷனல் தியேட்டருக்காக ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் வேடத்தைப் பீட்டர் ஹால் அவருக்குக் கொடுக்க முன்வந்தார். அதையும் மறுத்துவிட்டார். பருத்த உடல், குறும்பு, தந்திரம், அடியாழத்தில் ஒரு சோகம்: ஃப்ளெட்சரை நடித்தவருக்கு ஃபால்ஸ்டாஃப் அண்ணன் முறை. அந்த வேடத்தை மறுத்தவரைத் துணிச்சல்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் மூன்றாவது குற்றச்சாட்டில் பாதியையாவது ஏற்க வேண்டியிருக்கிறது.

1 மார்ச்

நேற்று எழுதியதை ஆறப்போட்டுப் படித்தால், நான் ஒரு ரசிகனின் பேராசையை அவருடைய குறையாக மாற்றியிருக்கிறேனோ என்று தோன்றுகிறது. ஃபால்ஸ்டாஃபை இழந்தது நான், அவர் அல்லர். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் கிராமத்திலிருந்து தினமும் லண்டன் போய்வந்து, வாரத்தில் பல இரவுகள் மேடையில் நிற்பது இதயநோயாளிக்கு என்ன என்பதை யோசிக்காமல் எழுதிவிட்டேன். இளமையில் வாரம் ஒரு நாடகம் நடித்தவருக்கு மேடையின் உழைப்பு என்னவென்று நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனாலும் கடை விஷயம் என்னை விடவில்லை. பார்வையாளர்களுக்கு முன் தானாக நிற்க வாழ்நாள் முழுவதும் மறுத்தவர், கடைசியில் கதவைத் திறந்து யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று ஒரு கல்லாவுக்குப் பின்னால் நின்றார். வந்தவர்களில் பலர் பழம்பொருள் வாங்க வரவில்லை, அவரைப் பார்க்க வந்தார்கள் என்பது ஊரறிந்தது. கூச்சம் என்று நாம் பெயரிட்டது மனிதர்களைக் கண்டு ஏற்பட்ட கூச்சமே அல்ல போலிருக்கிறது. ஒருவரோடு ஒருவராகப் பேசுவது அவருக்குப் பிரச்சினை இல்லை. இருட்டில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்திடம் ‘நான்’ என்று சொல்வதுதான் முடியாமல் இருந்தது. 9ஆம் தேதிக் குறிப்பில் அவருடைய சிரிப்பு அவரைத் தொட்டதே இல்லை என்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

3 மார்ச்

தேதியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. 2005 அக்டோபர் 3 அன்று, 76ஆம் வயதில், பார்க்கர் இறந்தார். அடுத்த ஆண்டு இதே மார்ச் 3 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நினைவு வழிபாடு நடந்தது. வழக்கமாகச் சிலுவைக்கு இருபுறமும் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏந்திச் செல்வார்கள், அன்று நான்கு. யாரும் விளக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கூடியிருந்தவர்களுக்கு விளக்கவும் தேவைப்படவில்லை.

5 மார்ச்

“விலகியவர் ஏன் திரும்பினார்?” 2002இல் ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ படத்தில் ஆல்பர்ட் ஃபின்னி சர்ச்சிலாக நடிக்க, அவருடைய வேலைக்காரர் இன்ச்சஸாகப் பார்க்கர் வந்தார், அடுத்த ஆண்டு மேகி ஸ்மித்தோடு ‘மை ஹவுஸ் இன் அம்ப்ரியா’. இரண்டையும் இயக்கியவர் ரிச்சர்ட் லான்கிரெய்ன். இரண்டிலும் சிரிப்பு மூட்டும் பொறுப்பு அவருடையது அல்ல. நகைச்சுவை எழுதும் ஊற்று வற்றிவிட்டது என்று சொல்லி விலகியவர், நகைச்சுவை கேட்காத வேடங்களுக்குத் திரும்பியதில் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. 2005இல் பழைய துணுக்குகளைத் தொகுத்து வழங்கக் கார்பெட்டோடு அதே மேசைக்குப் பின்னால் மீண்டும் உட்கார்ந்தார். உடல் மெலிந்திருந்தது, நேரக்கணக்கு தவறவில்லை.

கிரான்வில் கடைக்கு முதலாளியாகும் ‘ஸ்டில் ஓபன் ஆல் அவர்ஸ்’ பார்க்கலாமா என்று கேட்டவருக்கு: 2013 கிறிஸ்துமஸில் ஒற்றை நிகழ்ச்சியாகத் தொடங்கி 2019 வரை ஓடியது, எழுத்து அதே ராய் கிளார்க். டேவிட் ஜேசன் பார்க்கரிடம் பாடம் கேட்டவர். ‘பாரிட்ஜ்’ தொடரில், பார்க்கரைவிடப் பத்து வயது இளையவராக இருந்தும், பிளாங்கோ என்ற கிழட்டுக் கைதியாக ஒப்பனைக்குள் மறைந்து நடித்தவர். குருவைத் தலைவர் என்றே அழைப்பார். பாசம் நிறைய இருக்கும் தொடர்தான், ஆனால் கஞ்சத்தனம் குறைவு. அதனால் எனக்கு ஒட்டவில்லை. பழைய தொடரின் 1976ஆம் ஆண்டு வரிசையிலிருந்து தொடங்குங்கள். அதன்பின் ஐந்தாண்டு இடைவெளி விட்டு 1981இல் வந்த இரண்டாவது வரிசைக்குப் போங்கள். ஜேசன் அதற்குள் பார்க்கருக்குச் சமமாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டார், பார்க்கரும் பல காட்சிகளைப் பேசாமல் அவரிடம் விட்டுக்கொடுத்திருக்கிறார்.